எட்டு வருடம் கோடு எழுதிவிட்டு மேனேஜர் பதவியை ஏற்கலாமா?

எட்டு வருட அனுபவம், மேனேஜர் பதவி தருகிறார்கள், எடுத்துக்கொண்டால் டைரக்டர் வரை போக முடியுமா, கோடிங் கைவிட்டுப் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2006இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தவன். இரண்டு முறை மேனேஜர் ஆகி, நடுவில் ஒரு முறை கீழே இறங்கியவன். ‘கீழே’ என்பது என் மாமனார் சொன்ன வார்த்தை.

முதல் கம்பெனி சர்வீஸ் கம்பெனி, அதாவது வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து கொடுப்பது. அங்கே ஏணி ஒன்றுதான்: ட்ரெயினி, டெவலப்பர், சீனியர், மாட்யூல் லீட், டீம் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர். பத்து வருடம் ஆகியும் கோடு எழுதுகிறவனை, பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். 2012இல் நான் லீட் ஆனது ஆசைப்பட்டு அல்ல, வரிசையில் என் முறை வந்துவிட்டது. அப்புறம் சொந்தமாக மென்பொருள் செய்கிற ஒரு ப்ராடக்ட் கம்பெனிக்கு மாறினேன். அங்கேதான் ஏழு பேருக்கு முறைப்படி மேனேஜர் ஆனேன். வேலை என்னவோ பழைய வேலைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2016, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை இரவு. ஆர்டர் பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், ஆர்டர் டேபிளில் நான்கு கோடி வரிசைகள். தேடுகிற பத்திக்கு (column) இண்டெக்ஸ் இல்லை, அதாவது தேடலை வேகமாக்குகிற, புத்தகத்தின் கடைசியில் இருப்பது போன்ற அகராதி இல்லை. பக்கத்தில் இரண்டு வருட அனுபவமுள்ள ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அந்தப் பகுதி அவளுடையது. “தள்ளுமா, நான் பார்த்துக்கறேன்” என்று கீபோர்டை வாங்கி, நானே இண்டெக்ஸ் கட்டளையைப் போட்டு என்டர் தட்டினேன்.

“அண்ணா, கன்கரன்ட்லி போடலையே?” என்றாள்.

அந்த ஒரு சொல் இல்லாமல் போட்டால், இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை டேபிளைப் படிக்கலாம், எழுத முடியாது. அதாவது, புது ஆர்டர் ஒன்றும் விழாது. உடனே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதோ முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று பதினோரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ரத்து செய்தேன். பிறகு அவள் சரியாகப் போட்டாள். நேரம் கூடுதலாக ஆனது, ஆனால் ஆர்டர்கள் விழுந்துகொண்டே இருந்தன. விடியற்காலை மூன்று மணிக்கு முடிந்தது.

திங்கட்கிழமைதான் பார்த்தேன். இந்த இண்டெக்ஸ் தேவைப்படும், இப்படித்தான் போட வேண்டும் என்று பத்து நாள் முன்பே டிக்கெட்டில் (வேலைகளைப் பதிந்து வைக்கும் குறிப்பில்) எழுதி என்னை டேக் செய்திருந்தாள். நான் திறக்கவே இல்லை. அந்தப் பத்து நாளும், மீட்டிங்கால் கோடு எழுத நேரமில்லை என்று கேன்டீனில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் வேலை வேறு வேலை என்பது எனக்கு அப்படித்தான் புரிந்தது. ஏழு பேரோடு வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசினாலே மூன்றரை மணி நேரம் போகும். முன்பு அதை வீண் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணோடு அந்த அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் டிக்கெட் விஷயம் காதில் விழுந்திருக்கும்.

கூகுள் கதை ஒன்று உண்டு. 2002இல் எஞ்சினியரிங் மேனேஜர்களே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தார்கள். செலவுக் கணக்கிலிருந்து ஆள்களுக்குள் சண்டை வரை எல்லாம் நேராக நிறுவனர் லாரி பேஜிடம் போய் நிற்க, சில மாதங்களிலேயே கைவிட்டார்கள். பிறகு ‘ப்ராஜெக்ட் ஆக்சிஜன்’ என்று ஒரு ஆய்வு நடத்தி, நல்ல மேனேஜருக்கு எட்டுக் குணங்களைப் பட்டியலிட்டார்கள். முதலாவது நல்ல பயிற்சியாளராக இருப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது. கடைசி என்பதால் தேவையில்லை என்று அர்த்தமில்லை. கன்கரன்ட்லி என்றால் என்ன என்றே தெரியாத மேனேஜரிடம் அவள் அதைச் சொல்லியும் பயனில்லை.

கோடிங் கைவிட்டுப் போகுமா? கொஞ்சம் போகும். எனக்கு 2018இல் கை அரித்தது. ஸ்டாஃப் எஞ்சினியராக, அதாவது ஆள்களை மேய்க்காமல் தொழில்நுட்பம் மட்டும் பார்க்கிற மூத்த பதவிக்கு, மாற்றிக் கேட்டேன், கொடுத்தார்கள். சம்பளம் குறையவில்லை, அந்தக் கம்பெனியில் மேனேஜர் ஏணி, எஞ்சினியர் ஏணி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. முதல் மூன்று மாதம் டாக்கர், குபர்நெட்டிஸ் என்று மென்பொருளைப் பொட்டலம் கட்டி இயக்குகிற கருவிகளோடு திணறினேன், பிறகு பழகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து மறுபடி மேனேஜர். இப்போது எனக்குக் கீழே மூன்று டீம்கள், நான் நேரடியாகப் பேசுவது அவற்றின் மேனேஜர்களிடம்தான். டைரக்டர் பதவி இதற்கு அடுத்த படி. ஆள் திறமையோடு, அந்த நேரத்தில் கம்பெனி வளர்கிறதா என்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும்.

ஒப்புக்கொள்ளும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எத்தனை பேர்? ஆள் எடுப்பதிலும் இன்க்ரிமென்டிலும் உங்கள் வார்த்தை எடுபடுமா? ஒரு வருடம் கழித்துப் பிடிக்கவில்லை என்றால் அதே சம்பளத்தில் திரும்பலாமா? கடைசிக் கேள்விக்கு ‘பார்க்கலாம்’ என்று சொன்னால், மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு இல்லை என்றால், அது டைம்ஷீட்டும் லீவும் அப்ரூவ் செய்கிற லீட் வேலைதான், பெயர் மட்டும் மேனேஜர்.