பென்சிலால் குறியிட்ட இடத்தில் ஒரு கையெழுத்து

கேள்வி: வறுமை ஒழிப்புக்காக நானும் என் கணவரும் 27 ஆண்டுகளுக்கு முன் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினோம். வாராவாரம் கூட்டம், வராதவருக்கு அபராதம் என்ற ஒழுங்கோடு பெண்கள் சேமிப்புக் குழுக்களை வளர்த்தோம். கணவர் மறைந்த பிறகு நானே நிர்வாக அறங்காவலராக இருக்கிறேன். இப்போது எனக்கு வயது 66. வெளிநாட்டில் வேலை பார்த்த என் மகன், அதை விட்டுவிட்டு எங்களுக்காகவே வந்திருக்கிறான். அவனைச் செயல் இயக்குநராக்க விரும்புகிறேன். தொடக்கம் முதல் எங்களோடு இருக்கும் மூத்த ஊழியர்கள் இருவர் இதை ஏற்கவில்லை, விலகிவிடுவதாகச் சொல்கிறார்கள். அறங்காவலர்களால் எந்தச் சிக்கலும் இல்லை. என் தம்பி, நாத்தனார், கணவரின் நண்பர்கள் இருவர், அவ்வளவுதான். அவர்களால் கூட்டத்துக்கு வர முடிவதில்லை என்பதால் கூட்டக் குறிப்பேட்டை அலுவலக உதவியாளரிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம்; பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வங்கதேசத்தின் பிராக், இலங்கையின் சர்வோதயம் போன்ற பெரிய தொண்டு அமைப்புகளிலேயே நிறுவனர்களின் பிள்ளைகள் பொறுப்பில் இருக்கிறார்களே, என் மகன் வரக் கூடாதா? ஊழியர்களை எப்படிச் சமாதானப்படுத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, ஊழியர்களைச் சமாதானப்படுத்தும் வழியை நான் சொல்லப் போவதில்லை. நிறுவனரின் முதுமை, ஊர் திரும்பிய பிள்ளை, முகம் கொடுக்காத ஊழியர்கள் என்று இதே வருத்தத்தைச் சொல்லும் கடிதங்கள் எனக்குப் பலமுறை வந்திருக்கின்றன. அவை எல்லாவற்றிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் ஊழியர்களாகவே இருப்பார்கள். உங்கள் கடிதத்திலோ, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரி, மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேசுகிறது. அறங்காவலர்களால் எந்தச் சிக்கலும் இல்லை என்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தின் முதல் சிக்கலே அதுதான்.

அந்தக் குறிப்பேடு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பாருங்கள். உதவியாளர் வாசலில் நிற்கிறார். உங்கள் நாத்தனார் கையில் இருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறார். பக்கம் முன்பே திறந்து வைக்கப்பட்டிருக்கிறது, குறியும் போடப்பட்டிருக்கிறது. மேலே எழுதியிருப்பது வங்கிக் கணக்கை இயக்கும் அதிகாரமா, நிலம் வாங்கும் தீர்மானமா, ஓர் ஊழியரை நீக்கும் முடிவா என்று அவர் படிப்பதில்லை. படிக்க வேண்டும் என்று அவரை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கையெழுத்தான பின் குறிப்பேடு அடுத்த வீட்டுக்குப் புறப்படுகிறது. நடக்காத ஒரு கூட்டம் நடந்ததாகவும், வராத நான்கு பேர் வந்திருந்து விவாதித்து ஒருமனதாக முடிவெடுத்ததாகவும் அந்தப் பக்கம் சொல்கிறது. இதை நீங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்று நினைக்கிறீர்கள். நான் இதைப் பொய் ஆவணம் என்கிறேன்.

உங்கள் சேமிப்புக் குழுவில் ஒரு பெண் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் வராவிட்டால் அபராதம் கட்டுகிறாள். அவளுக்குக் கடன் வேண்டுமென்றால் மற்ற உறுப்பினர்கள் வட்டமாக உட்கார்ந்து, எதற்காக, எவ்வளவு, எப்படித் திருப்பிக் கட்டுவாய் என்று அவள் முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். கணக்கு எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கப்படுகிறது. அந்த ஒழுங்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். அதைப் பெருமையாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய சிறு சேமிப்பைவிடப் பல மடங்கு பெரிய பணத்துக்குப் பொறுப்பான உங்கள் தம்பி எத்தனை கூட்டங்களுக்கு வரவில்லை, அவர் எவ்வளவு அபராதம் கட்டினார்? ஏழைக்கு ஒரு சட்டமும் ஏழைக்காக உழைப்பவருக்கு வேறொரு சட்டமும் இருக்கும் இடத்தில் வறுமை ஒழிப்பு என்று பெயர்ப்பலகை வைக்க உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

கடுமையாகப் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். குடும்பப் பற்று எனக்கும் உண்டு. தாய் தந்தை, உடன்பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என எல்லோரையும் நம்மால் இயன்றவரை தாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் அந்தக் கடமையை நம் சொந்தக் கைப்பொருளிலிருந்து செய்ய வேண்டும். பிறர் நம்பிக் கொடுத்த பணமும் பதவியும் இருக்கும் இடத்தில் உறவினர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். முன்னால் நிற்க நேர்ந்தால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் நாத்தனாருக்கே நீங்கள் இழைத்துவரும் தீங்கு ஒன்று இருக்கிறது. கணக்கில் நாளை ஒரு பிழை வந்தால், படிக்காமல் போட்டேன் என்ற பதில் அவரைக் காப்பாற்றாது. அண்ணன் மனைவி கேட்டாளே என்று அன்பினால் போட்ட கையெழுத்துக்கு அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார்.

இப்போது பிராக்குக்கும் சர்வோதயத்துக்கும் வருகிறேன். பிள்ளைகள் பொறுப்பில் இருக்கிறார்கள் என்ற தகவல் சரிதான், பாதித் தகவல். ஃபஸ்லே ஹசன் ஆபேத் 1972-இல் வங்கதேசத்தில் பிராக்கைத் தொடங்கினார். 2001-இல் 65 வயதில் செயல் இயக்குநர் பதவியைத் தாமாகவே விட்டுத் தலைவராக மட்டும் இருந்தார். அந்த நாற்காலிக்குக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். 2019-இல் தலைவர் பதவியையும் விட்டார், அந்த ஆண்டு டிசம்பரிலேயே காலமானார். அதற்குள் வங்கதேச அமைப்பின் ஆட்சிக் குழுத் தலைமை ஹொசைன் ஸில்லுர் ரஹ்மானிடமும், பன்னாட்டுப் பிரிவின் மேற்பார்வைக் குழுத் தலைமை அமீரா ஹக்கிடமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆபேத்தின் மகனும் மகளும் அமைப்பின் பெரிய பிரிவுகளை நடத்துகிறார்கள்; அவர்களுக்கு மேலே, அவர்களைக் கேள்வி கேட்கும் இடத்தில், அத்தையும் மாமாவும் உட்கார்ந்திருக்கவில்லை. இலங்கையில் 1958-இல் சர்வோதயத்தைத் தொடங்கிய ஆரியரத்னவின் மகன் வின்யா ஒரு மருத்துவர். தலைவராவதற்கு முன் பல ஆண்டுகள் பொதுச் செயலாளராக அந்த அமைப்பிலேயே வேலை செய்தவர். உங்கள் மகன் உங்கள் குழுக்களில் எத்தனை கூட்டங்களில் தரையில் உட்கார்ந்து கணக்குக் கேட்டிருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. வெளிநாட்டு வேலையை விட்டார் என்பது அவருடைய தியாகமாக இருக்கலாம். அது தகுதி ஆகாது.

‘எங்களுக்காகவே வந்திருக்கிறான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்காக மகன் வந்தால் அம்மாவோடு இருக்கட்டும், உங்கள் முதுமையில் துணையாக நிற்கட்டும். அது அவருடைய கடமை, அதை அவர் செய்வதில் எனக்கு மகிழ்ச்சியே. நிறுவனத்துக்கு வருபவர் அங்குள்ள பெண்களுக்காக வர வேண்டும்.

அந்தப் பெண்களைப் பற்றித்தான் உங்களிடம் நான் அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது. 27 ஆண்டுகளில் உங்கள் குழுக்களிலிருந்து ஒருவர்கூட அறங்காவலர் ஆகவில்லையா? கடன் வாங்கித் தொழில் நடத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, குழுவின் கணக்கைப் பிசகாமல் பார்க்கும் பெண்கள் நிச்சயம் இருப்பார்கள்; இல்லையென்றால் நீங்கள் இத்தனை ஆண்டுகள் செய்தது என்ன? 1972-இல் அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பின் நிர்வாகக் குழுவை, உழைக்கும் பெண்களான உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இலா பட் 1996-இல் பொதுச் செயலாளர் பதவியிலிருந்து விலகினார், அமைப்பு நின்றுபோகவில்லை. ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் வங்கதேசத்தின் கிராமீன் வங்கியின் இயக்குநர் குழுவில் ஒன்பது இடங்கள் கடன் பெற்றவர்களின் பிரதிநிதிகளுக்கு உரியவை. அக்டோபர் 17-ஐ வறுமை ஒழிப்பு தினமாக 1992-இல் ஐ.நா. பொதுச் சபை அறிவித்தது; அந்த நாளுக்கு வித்திட்டவர் ஜோசப் ரெசின்ஸ்கி என்ற பாதிரியார். வறுமையிலேயே பிறந்து வளர்ந்த அவர், 1957-இல் பாரிசுக்கு அருகே வீடற்ற குடும்பங்களின் முகாமில் அந்தக் குடும்பங்களோடு சேர்ந்தே தம் இயக்கத்தைத் தொடங்கினார். பொதுக்குழுவிலும் நிர்வாகத்திலும் ஏழைகள் உட்கார்ந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் பல நிறுவனர்களுக்கு உண்டு. என் அனுபவத்தில், அவர்கள் உட்காராத இடங்களில்தான் பணம் வழிதவறியது.

‘அவர்களுக்குச் சட்டதிட்டம் புரியாது’ என்று சொல்ல வாயெடுப்பீர்கள். பென்சில் குறிக்குக் கையெழுத்திடும் உங்கள் தம்பிக்கு மட்டும் புரிந்துவிட்டதா?

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குறிப்பேடு இனி அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அறங்காவலர்களுக்கு முன்கூட்டியே தேதி சொல்லி, கணக்கை ஒரு வாரத்துக்கு முன் அனுப்பி, உண்மையான ஒரு கூட்டத்தை நடத்துங்கள். வர இயலாதவர்கள் மனத்தாங்கல் இன்றி விலகட்டும். தம்பியிடமும் நாத்தனாரிடமும் இதை நீங்களே நேரில் போய்ப் பேச வேண்டும்; உறவில் கசப்பு வரும் என்றால் அந்தக் கசப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகள் அவர்களை இதில் இழுத்துவைத்தவர் நீங்கள். காலியாகும் இடங்களில் குறைந்தது இரண்டைக் குழுக்களின் பெண்கள் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பட்டும். உங்களுக்குப் பிடித்த, உங்களை எதிர்த்துப் பேசாத இருவரை நீங்கள் பொறுக்கி எடுக்காதீர்கள். பழைய தீர்மானங்களை என்ன செய்வது என்று உங்கள் தணிக்கையாளரிடமும் வழக்கறிஞரிடமும் மறைக்காமல் கேளுங்கள்.

அந்தப் புதிய குழு செயல் இயக்குநர் பதவிக்கு விளம்பரம் கொடுக்கட்டும். உங்கள் மகன் விண்ணப்பிக்கலாம், உங்கள் மூத்த ஊழியர்கள் இருவரும் விண்ணப்பிக்கலாம். நேர்காணல் நடக்கும் அறையில் நீங்கள் இருக்கக் கூடாது. சம்பளத்தை முடிவு செய்யும் கூட்டத்திலும் கூடாது. வறுமை ஒழிப்பு நிறுவனத்தின் தலைவர் கந்தலில் நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நியாயமான சம்பளம் வாங்கட்டும். அதை அம்மா நிர்ணயிக்கக் கூடாது.

அந்த இரண்டு ஊழியர்களின் இளமை முழுவதும் உங்கள் நிறுவனத்தில் போயிருக்கிறது. அதற்கு ஈடான சம்பளம் உங்களால் கொடுத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர்களை இந்த வாரமே அழைத்து, மகன் உடன் இல்லாமல், ஆட்சேபம் என்னவென்று கேளுங்கள். இடைமறிக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதில் அந்தக் குறிப்பேடும் கட்டாயம் வரும். உதவியாளரை எந்தக் கிழமையில் எந்த வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்பது அலுவலகத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும்.