டிக்கிக்குள் தண்ணீர் வருகிறதா? பழைய கார் பீடிங் பற்றிக் கேள்வி பதில்

மழை தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி டிக்கி பீடிங் (மூடியைச் சுற்றித் தண்ணீர் புகாமல் இருக்கும் றப்பர் பட்டி) பற்றியதுதான், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 1959 மொரிஸ் மைனர், அப்பா காலத்து ஸ்ரீ நம்பர் வண்டி. அதற்கு மூன்று தடவை டிக்கி றப்பர் மாற்றியிருக்கிறேன். முதல் இரண்டும் பிழையாகிப் போயின, அந்த இரண்டிலும் படித்ததைத்தான் கீழே அதிகம் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, புது பீடிங் போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. ஒரு பெரிய மழை பெய்தால் ஸ்பெயார் வீல் கிடக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது. றப்பர் தரமில்லையா?

தம்பி, தண்ணீர் நிற்கும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றல்ல. நுழையக்கூடிய இடங்கள் பல: பின் லைட்டுக்கு அடியில் இருக்கும் கஸ்கட், நம்பர் பிளேட் லைட்டின் வயர் போகும் ஓட்டை, பிணைச்சல் பூட்டியிருக்கும் இடம், தகடும் தகடும் சேரும் இடத்தில் வெடித்துப்போன சீலர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பின் கண்ணாடி றப்பர். என்னுடைய வண்டியில் கண்ணாடி றப்பருக்குள்ளால் இறங்கிய தண்ணீர் உட்பக்கத் தகட்டில் ஓடி டிக்கித் தளத்தில் சேர்ந்தது, நான் அநியாயமாக ஒரு நல்ல பீடிங்கைக் கழற்றி எறிந்தேன்.

முதலில் பாய், பலகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். பின் சீட்டின் சாய்வைக் கழற்றிவிட்டால் ஒருவர் காருக்குள் இருந்தபடியே டோர்ச் அடித்துப் பார்க்கலாம், டிக்கிக்குள் யாரையும் வைத்துப் பூட்ட வேண்டாம். வெளியே நிற்பவர் ஹோஸை மெதுவாகத் திறந்து கீழேயிருந்து மேலே போக வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து நிமிடம். மேலேயிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மட்டக்குளியிலிருந்து: பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மீற்றர் கணக்கில் பல வகை பீடிங் தொங்குகிறது. எதை வாங்குவது?

பழைய றப்பரில் ஒரு விரல் நீளமாவது வெட்டிக் கையில் கொண்டு போங்கள். கண் மதிப்பில் வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் எந்த வகை என்பதுதான் முதல் விஷயம்: தகட்டு விளிம்பில் செருகிக் கவ்வும் வகையா (உள்ளே இரும்புப் பல் இருக்கும்), வாய்க்கால் மாதிரியான பள்ளத்தில் உட்காருவதா, அல்லது தட்டையான இடத்தில் கம் பூசி ஒட்டுவதா. கவ்வும் வகையென்றால் விளிம்பின் தடிப்பையும் அளந்துகொள்ள வேண்டும், தளர்வாக இருந்தால் எவ்வளவு கம் பூசினாலும் கழன்று வரும்.

அடுத்தது மென்மை. விரலால் அமத்தினால் சுலபமாக அமுங்கி, விட்டதும் பழையபடி எழ வேண்டும். பழைய கார்களின் மூடி மெல்லிய தகடு, கடினமான றப்பரைப் போட்டால் மூடியே வளையும்.

நுகேகொடையிலிருந்து: எங்கள் நாடே றப்பர் நாடு, உள்ளூரில் வார்த்துத் தருகிறார்கள், விலையும் குறைவு. போடலாமா அண்ணா?

1876இல் ஹெனரத்கொடையில் முதல் கன்றுகளை நட்ட நாடு, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கேட்க வேண்டியது எங்கே செய்தது என்பதை அல்ல, எதில் செய்தது என்பதை. இயற்கை றப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன, காற்றிலுள்ள கொஞ்ச ஓசோனே அவற்றை வெட்டப் போதும். அதுவும் இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும், டிக்கியின் மூலை வளைவுகளில் குறுக்குக் கோடு கோடாக வெடிப்பு வருவது அதனால்தான். ஈபிடிஎம் என்ற செயற்கை றப்பரின் முதன்மைச் சங்கிலியில் அந்தப் பலவீனம் இல்லை, வெயிலையும் மழையையும் தாங்கும். உள்ளூரில் ஈபிடிஎம்மில் செய்து தந்தால் தாராளமாக வாங்குங்கள்.

ஒரு குறை: ஈபிடிஎம்முக்குப் பெற்றோலும் ஒயிலும் ஆகாது, ஊதிப்போகும். 1968 மாடலுக்கு முந்திய வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள், அதில் பெற்றோல் ஊற்றும் மூடியே முன் டிக்கிக்குள்தான் இருக்கிறது. சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

தெஹிவளையிலிருந்து: நானே வீட்டில் போடப் போகிறேன். முதலிலிருந்து சொல்வீர்களா ஐயா?

சொல்கிறேன், அவசரப்படாமல் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பழைய றப்பரைக் கழற்றியதும் பழைய கம் முழுவதையும் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, மிச்சத்தைத் தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள், ஆனால் தின்னர் பெயின்டையும் தின்னும் என்பதால் மறைவான ஓரிடத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். கம் போனபிறகுதான் கறள் தெரியும். தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றால் அந்த விளிம்பு அநேகமாகக் கறள் பிடித்துத்தான் இருக்கும். அதை மூடிவிட்டு மேலே றப்பர் போட்டால் ஈரம் உள்ளே அடைபட்டு விளிம்பையே அரித்துவிடும், பிறகு டிங்கர் பாஸிடம் போய்த் தகடு வெட்டி ஒட்ட வேண்டும். பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசி, நன்றாக இறுகும்வரை சில நாட்கள் பொறுங்கள். என்னைக் கேட்டால் இந்த வேலையில் முக்கால் பங்கு இந்தத் தகட்டு வேலைதான்.

ஒட்டுவதற்கு முன் கம் இல்லாமலே ஒருமுறை சுற்றிவர வைத்துப் பாருங்கள். பூட்டுக்குப் பக்கத்தில், கீழ் விளிம்பின் நடுவில் தொடங்கி அங்கேயே முடிக்க வேண்டும், பொருத்து மேலே வந்தால் கூரையிலிருந்து வழியும் தண்ணீர் நேராக அதற்குள் போகும். இனி நான் சொல்வதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: றப்பரை இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், சில மாதத்தில் அது தன் பழைய நீளத்துக்குச் சுருங்கிப் பொருத்தில் இடைவெளி விழும். மூலைகளில் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுத்தபடி போங்கள். கடைசியில் ஒன்றரை சென்ரிமீற்றர் அதிகமாக விட்டு வெட்டி, இரு முனைகளையும் ஒன்றையொன்று அமத்தியபடி சேர்த்து ஒட்டுங்கள். எனக்கு முதல் தடவை போட்டுத் தந்த கராஜில் இழுத்துத்தான் ஒட்டினார்கள், எட்டு மாதத்தில் பொருத்துக்குள் என் சின்ன விரல் போனது.

ஒட்டும் வகையென்றால் கான்டாக்ட் கம்மை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ஒரு சாண் ஒரு சாணாக அமத்துங்கள். மழை நாளில் ஈரக்காற்றில் இந்த வேலை வேண்டாம்.

வத்தளையிலிருந்து: கம்முக்குப் பதிலாக சிலிக்கன் போட்டால்?

வேண்டாம். வினாகிரி மணக்கும் சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலத்தை விடும், வெறும் இரும்பில் பட்டால் கறள்தான். அடுத்த தடவை கழற்றும்போது அதைச் சுத்தம் செய்வதும் பெரும் பாடு, மிச்சமிருந்தால் எந்தக் கம்மும் எந்தப் பெயின்டும் அதன்மேல் பிடிக்காது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: போட்டாயிற்று, இப்போது டிக்கி பூட்ட மாட்டேன் என்கிறது, அடித்துத்தான் சாத்துகிறோம்.

அடிக்காதீர்கள். புது றப்பர் அமர ஒரு வாரம் போல எடுக்கும். அதற்குப் பிறகும் இறுக்கமென்றால் பூட்டின் கொக்கி மாட்டும் தகட்டைத் தளர்த்திக் கொஞ்சம் உயர்த்துங்கள், பிணைச்சலையும் பாருங்கள். பின்பு ஒரு கடதாசித் துண்டை றப்பர் மேல் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுற்றிவர எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். றப்பரில் சோக் பூசி மூடித் திறந்தால் எங்கே படவில்லை என்பது மூடியிலேயே தெரியும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: தண்ணீர் வந்தால் துடைத்துவிடலாம், சாமான் ஒன்றும் வைப்பதில்லை. கட்டாயம் மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்றுங்கள். கார் ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறைகிறது, சைலன்சர் புகை அங்கேயே சுழன்று டிக்கி இடுக்கு வழியாக உள்ளே இழுபடும். பழைய கார்களில் டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு மட்டையோ துணியோதான். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு ஒரு விஷ வாயு, அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருவார்கள். தலையிடி, சத்தி என்று யாராவது சொன்னால் வெயில் என்று விட்டுவிடாமல் டிக்கியையும் சைலன்சரையும் பாருங்கள்.

மீண்டும் வெள்ளவத்தை: போட்டபின் பராமரிப்பு? அப்பா தேங்காயெண்ணெய் பூசச் சொல்கிறார்.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எண்ணெய் எதுவும் வேண்டாம், தூசியையும் மணலையும் பிடித்துவைத்து பெயின்டைச் சுரண்டும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் றப்பரையும் அதன் பக்கத்து வாய்க்காலையும் கழுவி, அடைபட்ட இலைகளை எடுத்துத் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும். மழை நின்றதும் டிக்கியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். அப்புறம், அந்தப் பின் கண்ணாடி றப்பரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.