பல் டாக்டரிடம் கேளுங்கள்: வேருக்கு எதற்கு ஸ்கேன்?

கேள்வி: மேல் கடைவாய்ப் பல்லுக்குப் போன வருஷம் ரூட் கெனால் செய்தேன். இன்னமும் மென்றால் வலிக்கிறது, ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து உடைகிறது. எக்ஸ்ரே எடுத்தவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். இப்போது வேறொரு டாக்டர் ஈப்போவுக்குப் போய் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வரச் சொல்கிறார். இது காசு பிடுங்கும் வேலையா? பேசாமல் பல்லைப் பிடுங்கிவிடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள், அக்கா. கொப்புளம் வந்து உடைகிறது என்றால் உள்ளே இன்னும் சீழ் இருக்கிறது என்று அர்த்தம், எக்ஸ்ரேயில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி. உங்கள் புது டாக்டர் கேட்டது நியாயமான ஸ்கேன்.

மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. கன்னப் பக்கத்து இரண்டில் முன்னால் இருக்கிற வேர்தான் வம்பு. அது தட்டையாக, அகலமாக இருக்கும், பாதிக்கு மேற்பட்ட ஆட்களுக்கு அதற்குள் ஒன்றுக்குப் பதில் இரண்டு கால்வாய் (நரம்பு ஓடுகிற மெல்லிய குழாய்) ஓடும், அந்த இரண்டாவதின் வாய் ஊசிமுனை அளவுதான், அதுவும் பல்லின் உட்சுவர் மேட்டுக்கு அடியில் மறைந்துகொண்டு இருக்கும். சாதாரண எக்ஸ்ரே கன்னத்திலிருந்து அண்ணத்தை நோக்கிப் போகிறது, இரண்டு கால்வாயும் அதே திசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. செம்பனை வரிசையின் தலைமாட்டில் நின்று பார்த்தால் முதல் மரம் மட்டும்தானே தெரியும், அந்தக் கதைதான். கன்னத்து எலும்பின் நிழலும் சில பேருக்கு வேர்நுனி மேலேயே விழும். கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம், சில நேரம் பிரிந்து தெரியும், சில நேரம் தெரியாது.

நீங்கள் எடுக்கப் போவது கோன் பீம் சிடி. 1990களின் பின்பாதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் பல்லுக்கென்றே உருவாக்கப்பட்டது. தாடையை ஒரு தாங்கியில் வைத்து அசையாமல் இருந்தால், கருவி தலையைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துவிடும், பெரும்பாலும் அரை நிமிஷத்துக்குள். கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து ஒரே உருவமாக்கிக் கொடுக்கும். அப்புறம் டாக்டர் பல்லின் தலையிலிருந்து வேர்நுனி வரை, குறுக்கே துண்டு துண்டாக வெட்டினாற்போல, திரையில் மெல்ல இறங்கிக்கொண்டே பார்ப்பார். ரூட் கெனாலில் நிரப்பிய மருந்து வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி வேரின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கி, எதிர் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் கதை வெளிவந்துவிட்டது: அங்கே திறக்கப்படாத இன்னொரு கால்வாய் இருக்கிறது. இதில் முதல் டாக்டரைத் திட்டுவதற்கு ஒன்றுமில்லை, கண்ணுக்குப் படாததை யாரும் சுத்தம் செய்ய முடியாது.

அப்படியிருந்தால் பல்லைத் திறந்து அந்தக் கால்வாயையும் சுத்தம் செய்து நிரப்பலாம். மாறாக, வேர் நெடுக்கே பிளந்து அதை ஒட்டி எலும்பு கரைந்திருப்பது தெரிந்தால் மறுபடி ரூட் கெனாலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, எடுத்துவிடுவதே மேல். ஆயிரக்கணக்கில் வெள்ளியைப் போட்டுவிட்டு இதைத் தெரிந்துகொள்வதைவிட, போடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லதில்லையா? ஆனால் ஒன்று, மெல்லிய விரிசல் ஸ்கேனிலும் தப்பிவிடும். பக்கத்துப் பல்லில் உலோகத் தொப்பி இருந்தால் கோடு கோடாக வந்து படத்தைக் கெடுக்கும். எடுக்கும்போது ‘அந்தப் பல் இருக்கிற இடம் மட்டும் போதும்’ என்று கேளுங்கள். வாய் முழுக்க எடுப்பதைவிடக் கதிர்வீச்சும் குறைவு, படமும் கூர்மை.

கேள்வி: அப்படியென்றால் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதை எடுத்துவிட்டால் நல்லதுதானே?
– பாலர்பள்ளி ஆசிரியை

பதில்: வேண்டவே வேண்டாம், டீச்சர். சொத்தையைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியும், தேவைப்பட்டால் சின்ன எக்ஸ்ரேயும் போதும். ஒரு சிறு பகுதி ஸ்கேனில் கிடைக்கிற கதிர்வீச்சு, நாம் சும்மா இருந்தாலே இயற்கையிலிருந்து சில நாள் முதல் சில வாரம் வரை வாங்குகிற அளவு. பெரிய ஆளுக்கு, காரணம் இருந்தால், பயப்பட ஒன்றுமில்லை. வளரும் பிள்ளைகள் உடம்பு அதற்கு அதிகம் பாதிக்கப்படும். அமெரிக்க வேர்ச்சிகிச்சை நிபுணர்களே ‘வழக்கமான பரிசோதனைக்கு இதை எடுக்காதீர்கள்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்கேன் வருவதற்கு முன்னால் பல்லுக்குள் கால்வாய் எப்படி ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? ஆளுக்கு ஆள் மாறுமா?
– படிவம் 6 மாணவன்

பதில்: அருமையான கேள்வி, தம்பி. சுவிட்சர்லாந்தில் வால்டர் ஹெஸ் என்பவர் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால், பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி இறுக வைத்து, பல்லை மட்டும் கரைத்துவிட்டுக் கால்வாயின் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு காலத்தில் ரப்பராலேயே வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு சந்தோஷம். பிறகு வெர்டூச்சி என்ற அமெரிக்கப் பல் ஆய்வாளர் பற்களைக் கண்ணாடி போலத் தெளியவைத்து, சாயம் ஏற்றி, 1984ல் கால்வாய்களை 8 வகையாகப் பிரித்தார். நாங்கள் கல்லூரியில் மனப்பாடம் செய்தது அதைத்தான். இப்போது மைக்ரோ சிடி இருக்கிறது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட நுணுக்கமாகவும் காட்டும், ஆனால் பிடுங்கிய பல்லுக்கு மட்டும்தான், உயிருள்ள ஆளின் வாயில் அந்த அளவு கதிரைப் பாய்ச்ச முடியாது. அதில் தெரிந்த விசித்திரங்களெல்லாம் அந்த 8 வகைக்குள் அடங்கவில்லை. அதனால் 2017ல் ஹனி அகமது என்ற ஆய்வாளரும் சகாக்களும், வேர் எத்தனை, ஒவ்வொன்றிலும் கால்வாய் எப்படிப் பிரிகிறது, சேர்கிறது என்பதை எண்களால் எழுதுகிற புது முறையைக் கொண்டுவந்தார்கள்.

ஆளுக்கு ஆள் மட்டுமில்லை, இனத்துக்கு இனமும் மாறும். கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர்தான் வழக்கம். நாக்குப் பக்கம் மூன்றாவதாக ஒரு குட்டி வேர் முளைப்பது சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் சகஜம், இந்திய வம்சாவளியினரிடம் குறைவு. கீழ் இரண்டாவது கடைவாய்ப் பல்லில் கால்வாய்கள் ஒட்டிக்கொண்டு பிறைபோல வளைந்திருப்பதும் கிழக்காசிய முகங்களில் அதிகம். ஒரே காலையில் சீன அப்பேக், மலாய் மக்சிக், நம்ம பாட்டி மூன்று பேரும் நாற்காலியில் உட்காருகிற ஊரில் இது ஏட்டுச் சமாசாரம் இல்லை. அதற்காக, தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் இரண்டே வேர் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது.

கேள்வி: பாட்டிக்குக் கீழ்ப் பல் ஸ்கேன். மூக்குத்தி கழற்ற வரவில்லை, என்ன செய்வது?
– பேத்தி, எஸ்டேட் லயம்

பதில்: முன்கூட்டியே ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள். கீழ்ப் பல்லுக்குச் சின்னப் பகுதிதான் எடுப்பார்கள் என்றால் மூக்குத்தி பெரும்பாலும் குறுக்கே வராது. மேல் பல்லாக இருந்தால்தான் ஆசாரியிடம் போக வேண்டியிருக்கும். கம்மல், கழற்றும் பல்செட் எல்லாம் வீட்டிலேயே எடுத்து வைத்தாலும் சரி, அங்கே போய்க் கழற்றினாலும் சரி. ஊசி கிடையாது, வெறும் வயிறும் வேண்டாம், பசியாற வைத்தே கூட்டிப்போங்கள்.