எதற்கும் ‘சரி அத்தை’ என்கிற மருமகள்

மதிப்பிற்குரிய மேடம்,

கோவையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் இல்லை. ஒரே மகன். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே லீஹை என்ற ஊரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். போன வருடம் அங்கேயே ஓர் அமெரிக்கப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். இப்போது அவர்களோடு வந்து தங்கியிருக்கிறேன். தை மாதம் கோவையில் ஒரு வரவேற்பு வைக்கலாம் என்று பேச்சு.

மருமகளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது அதுதான் பயமாக இருக்கிறது. எதைச் சொன்னாலும் ‘சரி அத்தை’. அவள் கற்றுக்கொண்ட தமிழே அவ்வளவுதான். ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா, சரி அத்தை. சவுத் ஜோர்டான் பிள்ளையார் கோவிலுக்குப் போகலாமா, சரி அத்தை. ‘சீக்கிரம் ஒரு பேரனையோ பேத்தியையோ கையில குடும்மா’ என்றேன். அதற்கும் சரி அத்தைதான். நம்ம ஊர்ப் பெண்களிடம்கூட இப்படி ஒரு பணிவைப் பார்க்க முடியாது என்று தங்கையிடம் போனில் பெருமைப்பட்டேன்.

அவள் எங்கிருந்து வந்தவள் என்பதை மகன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். யூட்டா, அரிசோனா எல்லையில் ஷார்ட் க்ரீக் என்கிறார்களே, ஹில்டேல், கொலராடோ சிட்டி என்று ஒட்டியிருக்கும் இரண்டு ஊர்கள், அங்கே பிறந்தவளாம். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவிலிருந்து பிரிந்த எஃப்.எல்.டி.எஸ். என்ற கூட்டம். அவள் அப்பாவுக்கு மூன்று மனைவிகள். அவள் சிறுமியாக இருந்தபோது, தீர்க்கதரிசி என்று அவர்கள் நம்பும் வாரன் ஜெஃப்ஸ் அப்பாவை ஊரைவிட்டு விலக்கி, அம்மாவையும் பிள்ளைகளையும் வேறொருவருக்கு ஒப்படைத்துவிட்டாராம். பதினேழு வயதில் இவள் ஓடி வந்திருக்கிறாள்.

ஜயான் பூங்காவுக்குப் போய்த் திரும்பும் வழியில், அவள் கேட்டாள் என்று மகன் அந்த ஊருக்குள் காரை விட்டான். செம்மலை அடிவாரத்தில் பெரிய பெரிய வீடுகள், சிலவற்றுக்கு ஆளுயரத்துக்கு மேல் மதில். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய கவுனில் ஒரு பெண் எதிரே வந்தாள். காரைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் இவள் சொன்னாள், அது கூடப் பிறந்த அக்காவாம்.

அடுத்த வாரம், வரவேற்புக்கென்று நான் கொண்டுவந்திருந்த அரக்குச் சிவப்புப் பட்டைக் கட்டிப் பார்க்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கட்டினாள். பிறகு குளியலறையில் பூட்டிக்கொண்டு வெகுநேரம் வரவில்லை. மகன் உள்ளே போய்ப் பார்த்தபோது உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. ‘அம்மா, எதுவும் கேக்காதே’ என்று மட்டும் சொன்னான்.

சொந்தக்காரர்கள் ஓ.டி.டி.யில் எதையோ பார்த்துவிட்டு, ‘மருமக இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வருவாளா?’ என்று கேலி செய்கிறார்கள். அந்தக் கூட்டம் என் மகனையும் உள்ளே இழுத்துவிடுமா? வரவேற்புக்கு அவள் வீட்டில் யாரை அழைப்பது? பெற்ற அப்பாவா, ஒப்படைக்கப்பட்டவரா, யார் எனக்குச் சம்பந்தி? அழைப்பிதழை அவள் அம்மாவுக்கு நானே தபாலில் அனுப்பலாமா என்றும் யோசிக்கிறேன்.

பெயர் வெளியிட வேண்டாம்.


அன்புள்ள அம்மாவுக்கு,

எளிதான பயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மகனை யாரும் இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கிற கூட்டம் அல்ல அது, வெளியாளைக் கண்டால் கதவை அடைக்கிற கூட்டம். லீஹையில் உங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கக்கூடிய மார்மன்கள் பெரும்பாலும் வேறு. சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக 1890-ல் அறிவித்தது, 1904-ல் இன்னும் கறாராகச் சொன்னது. மீறுகிறவர்களை விலக்கிவிடுகிறது. அதை ஏற்காதவர்களில் ஒரு பகுதிதான் ஷார்ட் க்ரீக்கில் குடியேறியது. மிசோரியைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு பிரிவோ பலதார மணத்தை ஏற்றதே இல்லை, 1980-களிலிருந்து பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிறது. மார்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1844-ல் கொல்லப்பட்டதிலிருந்து இப்படிப் பிரிந்தவை ஏராளம். கேலி செய்கிற சொந்தக்காரர்களுக்கு இவ்வளவு போதும். இதற்கு மேல் அவள் கதையிலிருந்து ஒரு வரிகூட அவர்களுக்குச் சொல்லாதீர்கள். அதைச் சொல்லும் உரிமை அவளுடையது.

இனி, நீங்கள் பெருமைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பணிவு.

‘கீப் ஸ்வீட்’ என்பது அங்கே பெண் பிள்ளைகளுக்குத் தினமும் ஓதப்பட்ட வாசகம். கோபம் வந்தாலும், பயம் வந்தாலும், முகம் இனிமையாக இருக்க வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும். யாரைக் கட்டுவது என்பதைத் தீர்க்கதரிசி முடிவு செய்வார். ஆண்களுக்கும் பாதுகாப்பு கிடையாது. 2004 ஜனவரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 20 ஆண்கள் விலக்கப்பட்டார்கள், அதில் ஊர் மேயரும் ஒருவர். அவர்களுடைய மனைவி மக்கள் வேறு ஆண்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். உங்கள் மருமகள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஒரு சிறுமியின் கண்ணால் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு மனக்குறை வந்தது, மறுநாள் அப்பா இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள் வீட்டுப் பெரியவரிடம் ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வாள்? இப்போது அந்த வீட்டில் பெரியவர் நீங்கள்தான். அவள் சொல்கிற ‘சரி’யில் பாசமும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எது பாசம், எது பயம் என்று அவளுக்கே இன்னும் பிரித்துத் தெரியாது.

புடவை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சிவப்பு கிறிஸ்துவின் வருகைக்கென்று ஒதுக்கப்பட்ட நிறம் என்று சொல்லி ஜெஃப்ஸ் அதைத் தடை செய்திருந்ததாக அங்கிருந்து வெளியேறிய பலர் சொல்லியிருக்கிறார்கள். அவள் இப்போது அதை நம்புகிறாளா என்பது வேறு கேள்வி. நம்பிக்கை போன பிறகும் உடம்பில் பயம் தங்கிவிடும். அக்காவைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் அது நடந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். விலகிப் போனவர்களோடு பேசக் கூடாது என்பது அங்கே விதி. அக்கா முகத்தைத் திருப்பியது வெறுப்பாக இருக்க வேண்டியதில்லை.

செத்தவர்களுக்கு நம்மிடம் காரியம் உண்டு, பதினாறாம் நாள் என்று ஒன்று உண்டு. அம்மா உயிரோடு நாலரை மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் இருந்தும் பேச முடியாத இழப்புக்கு எந்தச் சடங்கும் இல்லை. அழுது முடிக்கவும் முடியாது. அதனால் அவளைப் பெற்றவளை அவள் முன்னால் தயவுசெய்து திட்டாதீர்கள், ‘என்ன தாய் இவள்’ என்று ஆறுதலுக்காகக்கூட. அவளுக்கு அந்த அம்மா மேல் கோபமும் இருக்கும், ஏக்கமும் இருக்கும். நீங்கள் ஒன்றைத் தூக்கிப் பிடித்தால் மற்றதை உங்களிடமிருந்து மறைத்துவிடுவாள்.

வெளியுலகம் பற்றிய பயமும் அவளுக்குச் சின்ன வயதிலேயே ஊட்டப்பட்டிருக்கும். அதற்கு வரலாறும் இருக்கிறது. 1953-ல் அரிசோனா ஆளுநர் போலீஸை அனுப்பி ஷார்ட் க்ரீக்கிலிருந்து 263 குழந்தைகளை அள்ளிக்கொண்டு போனார். 2008-ல் டெக்சஸில் இதே கூட்டத்தின் பண்ணையிலிருந்து 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசு எடுத்துச் சென்றது, அவர்களைத் திருப்பிக் கொடுக்கும்படி மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளே நடந்த கொடுமை பொய் அல்ல. சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2011-ல் ஜெஃப்ஸுக்கு ஆயுள் தண்டனையும் கூடவே 20 ஆண்டுகளும் விதிக்கப்பட்டன. அவர் சிறையில் இருக்கும்போதே சாமுவேல் பேட்மன் என்ற இன்னொருவர் தானே தீர்க்கதரிசி என்று கிளம்பி, சிறுமிகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களை மனைவிகள் என்று சேர்த்துக்கொண்டு, 2024 டிசம்பரில் 50 ஆண்டு தண்டனை பெற்றார். இரண்டையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உள்ளேயும் பயம், வெளியேயும் பயம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பேரக்குழந்தை பற்றிச் சொன்னீர்களே, அதை இன்றைக்கே திரும்பப் பெறுங்கள். நீங்கள் ஆசையாகச் சொன்னது அவள் காதில் உத்தரவாக விழுந்திருக்கும். ‘அன்னைக்குச் சும்மா ஆசையில் சொல்லிட்டேன், அது உங்க ரெண்டு பேர் முடிவு, நான் இனிமேல் கேட்க மாட்டேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்காமலும் இருங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

அப்புறம், அவளுக்கு ‘வேண்டாம்’ பழக வேண்டும். அதற்காக ‘உனக்கு என்ன வேணும், சொல்லு’ என்று உட்கார வைத்துக் கேட்காதீர்கள், திணறிப்போவாள். தோசையா சப்பாத்தியா என்கிற அளவில் ஆரம்பியுங்கள். ‘உங்க இஷ்டம்’ என்றால் கொஞ்சம் காத்திருங்கள், நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். கோவிலுக்கும் அப்படியே. கை கூப்பி நிற்கிறாள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள், சொன்னதால் நிற்கிறாளோ என்னவோ. ஒரு நாள் ‘இன்னைக்கு வரலை அத்தை’ என்பாள். அன்றைக்கு உங்கள் முகம் வாடாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி. நம் வீடுகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே காரியம் சாதிப்போம், உங்களுக்குத் தெரியாததா! அவள் அந்த மொழியை நம்மைவிட நன்றாகப் படிப்பாள்.

அவள் கதையைத் தோண்ட வேண்டாம் என்று மகன் சொன்னது சரி. ஆனால் அவனும் அதை மூடியே வைத்திருக்கக் கூடாது. யூட்டாவில் இத்தகைய குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கென்றே ‘ஹோல்டிங் அவுட் ஹெல்ப்’, ‘செரிஷ் ஃபேமிலீஸ்’ போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அந்தப் பின்னணி தெரிந்த மனநல ஆலோசகரை அவர்கள் வழியாகத் தேடச் சொல்லுங்கள். போவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும், அதையும் இன்னொரு ‘சரி’யாக்கிவிடாதீர்கள். நாள்கணக்கில் தூக்கமில்லை, சாவு பற்றிப் பேசுகிறாள் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அங்கே 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அந்த ஊரும் அப்படியே உறைந்து நிற்கவில்லை. வீடுகளை வைத்திருந்த அறக்கட்டளையை 2005-ல் நீதிமன்றம் தன் பொறுப்பில் எடுத்த பிறகு, வெளியேறிய பலர் திரும்ப வந்து குடியிருக்கிறார்கள். 2017 தேர்தலில் ஹில்டேலுக்கு மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்தக் கூட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு பெண். உங்கள் மருமகளின் அண்ணன் தம்பிகளோ விலக்கப்பட்ட அப்பாவோ யாராவது வெளியே இருக்கக்கூடும். ‘அந்த ஊரைப் பற்றி மூச்சு விடாதே’ என்கிற வீடாக உங்கள் வீடு ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழை நீங்களாக அனுப்பாதீர்கள். விலகிப் போன மகளின் பெயர் அச்சடித்த உறை அந்த வீட்டுக்குப் போனால், அங்கே இருப்பவர்களுக்கு என்ன சிக்கல் வரும் என்பது அவளுக்குத்தான் தெரியும். யாருக்கு அனுப்பலாம் என்று அவளிடம் ஒருமுறை கேளுங்கள், பதில் சொல்ல ஒரு வாரம் விடுங்கள். ஒருவரும் வேண்டாம் என்றால், மேடையில் பெண் வீட்டார் இடத்தில் அவளுடைய லீஹை சிநேகிதிகள் நிற்கட்டும். சம்பந்தி யார் என்ற கேள்விக்கும் அவள் சொல்கிற பெயர்தான் பதில். பெயரே சொல்லாவிட்டால், ‘அவங்களால வர முடியலை’ என்று சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்