விலகிப் போனால் வளரும் அச்சம்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: சில மாதங்களாக, எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. உயிரே போய்விடும் என்று தோன்றுகிறது. இருமுறை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன். இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நோய் இல்லை என்றால் எனக்கு ஏன் இப்படி நேர்கிறது?

பதில்: உங்கள் இதயத்தில் பழுது இல்லை என்பதை மட்டுமே அந்தப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் பட்ட துன்பம் முழுக்க உண்மையானது. உங்கள் வீட்டாரும் அதை அப்படியே ஏற்க வேண்டும் என்று விரும்புகிறேன். பேனிக் அட்டாக் என்று பலரும் குறிப்பிடும் பீதித் தாக்குதலின் அடையாளங்களைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி ஆபத்து வந்துவிட்டதாக எச்சரிக்கை விடுத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ போராடவோ உடல் ஆயத்தமாகிறது. இதயம் விரைகிறது, மூச்சு வேகமெடுக்கிறது. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது. தலைசுற்றலுக்கும் விரல்கள் மரத்துப்போவதற்கும் அதுவே காரணம். உண்மையான ஆபத்தின்போது நம்மைக் காப்பாற்றும் இந்த ஏற்பாடு, ஆபத்தே இல்லாத நேரத்தில் தவறுதலாக இயங்கிவிடுகிறது.

பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் முன்வைத்த விளக்கம் இதைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது. படபடப்பை மாரடைப்பின் தொடக்கம் என்று மனம் பொருள்கொள்கிறது. அந்த எண்ணம் அச்சத்தைக் கூட்டுகிறது. கூடிய அச்சம் படபடப்பை மேலும் கூட்டுகிறது. இந்தச் சுழல் பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கிவிடும். மருத்துவமனைக்கு விரைபவர்கள், அங்கே போனதால்தான் பிழைத்தோம் என்று நம்பிவிடுகிறார்கள். போகாமல் இருந்திருந்தாலும் அது இறங்கியிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

ஒருமுறை பீதித் தாக்குதல் வந்ததாலேயே நோய் என்று சொல்லிவிட முடியாது. எதிர்பாராத தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வந்து, மறுபடி வந்துவிடுமோ என்ற கவலையோ அதற்காக அன்றாடப் பழக்கங்களை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைப் பீதிக் கோளாறு என்கிறோம். அதிகமாகச் சுரக்கும் தைராய்டு, இரத்தசோகை, மிகுதியான காபி ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால் அவற்றை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். உழைக்கும்போது வரும் நெஞ்சுவலியையும், கைக்கோ தாடைக்கோ பரவும் வலியையும் பதற்றம் என்று ஒருபோதும் ஒதுக்கிவிடாதீர்கள். மற்றபடி, அடுத்த தாக்குதல் வரும்போது இருக்கும் இடத்திலேயே இருங்கள். நாடியைத் தொட்டுப் பார்க்காதீர்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளிவிடுங்கள். சிகிச்சையில், நின்ற இடத்திலேயே ஓடச் செய்தும் சுழல் நாற்காலியில் சுற்றச் செய்தும் அதே படபடப்பையும் தலைசுற்றலையும் வேண்டுமென்றே வரவழைப்போம். அவற்றால் உயிருக்கு ஊறு வராது என்பதை உங்கள் உடலே உங்களுக்குக் காட்டிவிடும்.

கேள்வி: என் அலுவலகம் ஒன்பதாவது தளத்தில் இருக்கிறது. லிஃப்ட் நடுவழியில் நின்று மூச்சுத் திணறி இறந்துவிடுவேன் என்ற பயத்தால் பல ஆண்டுகளாகப் படியேறியே போகிறேன். இப்போது முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் படுப்பதை நினைத்தாலே வியர்க்கிறது. இதற்குத் தீர்வு உண்டா?

பதில்: உண்டு, மனநலக் கோளாறுகளிலேயே மிக நன்றாகக் குணமாகும் வகைகளுள் ஒன்று உங்களுடையது. மூடிய இடங்களைக் குறித்த இத்தகைய அச்சக் கோளாறு, அதாவது ஃபோபியா, இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதற்கு லிஃப்டைவிடப் படிக்கட்டே பெரிய காரணம் என்பேன். ஒவ்வொரு முறை நீங்கள் விலகிப் படியேறும்போதும் உடனடியாக ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியைச் சுவைத்த மனம், விலகியதால்தான் தப்பித்தோம் என்று பாடம் படித்துக்கொள்கிறது. லிஃப்ட் ஆபத்தானது என்ற எண்ணம் சோதனைக்கு உள்ளாகாமலேயே உறுதிப்படுகிறது. வட்டி மட்டும் கட்டிவரும் கடனைப் போல, எத்தனை முறை விலகினாலும் அச்சத்தின் முதல் குறைவதில்லை.

ஆகவே சிகிச்சையின் மையம், அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்வதே. 1924-இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு நடுங்கிய சிறுவன் ஒருவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அவன் பயத்தைப் போக்கினார். 1958-இல் மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே இம்முறையை ஒழுங்குபடுத்தி விரிவாக எழுதினார். நீங்களும் முதலில் திறந்த லிஃப்டின் வாசலில் சிறிது நேரம் நில்லுங்கள். பிறகு உள்ளே சென்று கதவு திறந்திருக்கும்போதே வெளியே வாருங்கள். அடுத்து ஒரு தளம், பின்னர் மூன்று தளங்கள் என்று நீட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் முன்பு, என்ன நேரும் என்று அஞ்சுகிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். முடிந்த பிறகு உண்மையில் என்ன நேர்ந்தது என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். லிஃப்டுகள் காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டவை அல்ல, அவற்றில் காற்றோட்டத்துக்கு வழி உண்டு என்ற தகவலைப் படித்துத் தெரிந்துகொள்வதால் மட்டும் பயம் போகாது. உள்ளே நின்று பார்த்த உடலுக்கே அது உறைக்கும். ஒரே படியைப் பல நாட்கள், பல லிஃப்டுகளில் திரும்பச் செய்யுங்கள். யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டும், தொலைபேசியை இறுகப் பற்றிக்கொண்டும் ஏறினால், துணையால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். ஆகவே அத்துணைகளையும் ஒவ்வொன்றாக விடுங்கள். தேர்ந்த உளவியல் சிகிச்சையாளரின் துணையோடு 3 மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் இத்தகைய அச்சத்தைப் பெருமளவு தணிக்கும் முறையும் உண்டு. ஸ்வீடனின் உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் உருவாக்கியது அது.

ஸ்கேனைப் பொறுத்தவரை, உங்கள் அச்சத்தை முன்கூட்டியே அங்குள்ள பணியாளர்களிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது அன்றாடம் காணும் நிலைமை. கையில் அழைப்பு மணி தருவார்கள். அகன்ற குழாய் உள்ள இயந்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவசரமாக எடுக்க வேண்டியிருந்தால், அந்த ஒரு வேளைக்கு மட்டும் மருத்துவர் பதற்றத்தைத் தணிக்கும் மிதமான அமைதி மருந்து தரலாம்; அதில் தவறில்லை.

கேள்வி: இரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் பயம் மட்டுமல்ல, மயங்கியே விழுந்துவிடுகிறேன். உடலைத் தளர்த்தும் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: உங்களுக்கு அது பொருந்தாது. மற்ற அச்சங்களில் இரத்த அழுத்தம் உயர்ந்தே இருப்பதால் பெரும்பாலும் மயக்கம் வருவதில்லை. இரத்தம், ஊசி, காயம் குறித்த அச்சத்தில் மட்டும் அது முதலில் உயர்ந்து, பிறகு சட்டென்று சரிகிறது. தளர்வுப் பயிற்சி அந்தச் சரிவுக்குத் துணைபோகும். நீங்கள் செய்ய வேண்டியது இறுக்கும் பயிற்சி: அமர்ந்தபடி கை, கால், வயிற்றுத் தசைகளை முகத்தில் வெம்மை ஏறுவதை உணரும்வரை 10 முதல் 15 விநாடிகள் இறுக்குங்கள், 20 முதல் 30 விநாடிகள் இயல்பு நிலைக்குத் திரும்புங்கள், இப்படி ஐந்து முறை. வீட்டில் நன்கு பழகிய பிறகு, ஊசி போடும் நாளில் ஊசி போடாத கையை வைத்துச் செய்யுங்கள். படுத்தபடி ஊசி போட்டுக்கொள்வதும் நல்லது.

கேள்வி: பதற்றத்துக்கு மாத்திரை எடுத்தால் வாழ்நாள் முழுவதும் அதற்கு அடிமையாகிவிடுவோமா?

பதில்: இரண்டு வகை மருந்துகளைப் பலர் ஒன்றாகக் கருதுவதால் எழும் அச்சம் இது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. அவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்க நாட்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம் என்பதால் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் இன்னும் சிறிது பொறுத்திருந்தால் நலமடைந்திருப்பார்கள். நலமான பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்து, மருத்துவர் சொல்லும்போது படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். அல்பிரசோலம், டயசெபம் போன்றவை வேறு வகை. உடனே அமைதி தரும், தொடர்ந்து எடுத்தால் பழக்கமாகிவிடும். குறுகிய காலத்துக்கு மேல் அவற்றைத் தொடர்வதும், மருந்துக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்வதும், பதற்றம் தணிய மதுவை நாடுவதும் ஆபத்தானவை. இத்துன்பத்தோடு வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. எனக்கு ஏதோ ஆகிவிடும் என்று பயந்து பள்ளிக்குப் போக மறுக்கிறாள். காலையில் வயிற்றுவலி என்று அழுகிறாள். அழுகையைப் பார்க்க முடியாமல் பல நாட்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன். நான் செய்வது சரியா?

பதில்: குழந்தையின் அழுகை தாயின் மனத்தை உருக்குவது இயல்புதான், அம்மா, உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு நாளும், பள்ளி ஆபத்தான இடம் என்பதையும் தன்னால் அதைத் தாங்க முடியாது என்பதையும் அவளுக்குச் சொல்லிவிடுகிறது. முதலில், வயிற்றுவலியைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளியில் யாரேனும் அவளைத் துன்புறுத்துகிறார்களா என்பதையும் பொறுமையாகக் கேட்டறியுங்கள். அவை இல்லை என்றால், பயப்படாதே என்று அதட்டாமலும், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நாளுக்கு நூறு முறை உறுதி கூறாமலும், "உனக்குப் பயமாக இருப்பது எனக்குத் தெரிகிறது, அதை உன்னால் தாங்க முடியும் என்றும் எனக்குத் தெரியும்" என்று ஒரே ஒருமுறை சொல்லுங்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எலி லெபோவிட்ஸ், பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி தந்து குழந்தையின் பதற்றத்தைக் குறைக்கும் சிகிச்சையை இந்த அடிப்படையில்தான் அமைத்தார். வகுப்பாசிரியரோடு பேசி, முதல் வாரம் முற்பகல் மட்டும், அடுத்த வாரம் முழு நாள் என்று திட்டமிடுங்கள். பள்ளி வாசலில் விடைபெறுவதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் அவளை அழைத்துச் செல்ல ஓர் ஆசிரியர் நிற்கட்டும். இதற்குப் பிறகும் அவள் போக மறுத்தால், குழந்தைகளுக்கான மனநல மருத்துவரைப் பார்ப்பதை மேலும் தள்ளிப்போடாதீர்கள்; விடுபட்ட நாட்கள் கூடக்கூடத் திரும்பிச் செல்வது அவளுக்குக் கடினமாகிவிடும்.