ஸ்டிஃப்னர் வைத்த எஃகுத் தகட்டின் ஷியர் பக்லிங்: கைக்கணக்கும் மென்பொருளும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: 1200 மி.மீ. ஆழம், 8 மி.மீ. தடிமன் கொண்ட வெப் தகட்டுக்கு (கர்டர் எனும் எஃகு உத்தரத்தின் நடுவே நிற்கும் தகடு) 600 மி.மீ.க்கு ஒன்றாகக் குத்து ஸ்டிஃப்னர் (விறைப்பூட்டும் பட்டை) வைத்திருக்கிறேன். ஷியரில், அதாவது தகட்டைச் சாய்சதுரமாக்கப் பார்க்கும் விசையில், அது நெளியத் தொடங்கும் பக்லிங் தகைவு நான் கையால் போட்டால் 850 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது, மென்பொருளில் 200-ஐ ஒட்டி வருகிறது. எது சரி?

பதில்: மென்பொருள் சொல்வதுதான் நடப்புக்குக் கிட்ட இருக்கிறது. உங்கள் கணக்கில் இரண்டு மரபுகள் கலந்துவிட்டன.

எஃகுக்குச் சூத்திரம் இவ்வளவுதான்: 1,90,000 × (தடிமன் ÷ அகலம்)² × கெழு. யூரோகோடு (ஐரோப்பியக் கட்டமைப்பு விதித்தொகுப்பு) அகலம் என்று எப்போதும் வெப் ஆழத்தையே எடுக்கும். ஸ்டிஃப்னர் இடைவெளி ஆழத்தைவிடக் குறைவு என்றால் கெழு 4 + 5.34 × (ஆழம் ÷ இடைவெளி)². உங்களுக்கு அது 25.36, தகைவு 214 மெகாபாஸ்கல். பழைய பாடநூல்களில் அகலம் என்பது பேனலின் (இரண்டு ஸ்டிஃப்னருக்கு இடைப்பட்ட தகட்டுத் துண்டின்) சின்னப் பக்கம். அங்கே கெழு 5.34 + 4 × (சின்னது ÷ பெரியது)², அதாவது 6.34. அதற்கு 600-ஐப் போட்டாலும் அதே 214 வரும். 25.36-ஐ எடுத்துக்கொண்டு கூடவே 600-ஐயும் போட்டால் விடை நான்கு மடங்காகிவிடும். உங்கள் 850 அப்படி வந்ததுதான்.

இந்த 214-ஐயும் வலிமை என்று எழுதிவிடாதீர்கள். இழுவையில் 250 மெகாபாஸ்கலில் ஈல்டு ஆகும் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும்) எஃகு, ஷியரில் 144-லேயே ஈல்டு ஆகிவிடும். அதற்கு மேல் எண்ணுக்குப் பொருளில்லை. இடைவெளியை 1200 ஆக்கினால் கதை நேரெதிர். பக்லிங் தகைவு 79, ஆனால் தகடு அங்கே விழுந்துவிடாது. அமுக்கம் வாங்கும் மூலைவிட்டம் நெளிந்ததும், மற்ற மூலைவிட்டத்தில் தகடு நாடாபோல இழுவிசையைச் சுமக்கத் தொடங்கும். மெலிந்த விமானத் தகடுகளுக்காகப் பொறியாளர் வாக்னர் 1929-இல் இதைக் கணக்காக்கினார். பாலக் கர்டர்களுக்குப் பொறியாளர் பாஸ்லர் 1961-இல் கொண்டுவந்தார். யூரோகோடு முறையில், முனைத் தூண் (கர்டரின் கடைசியில் நிற்கும் ஸ்டிஃப்னர்) விறைப்பாக இல்லாத நிலையிலும், பாதுகாப்புக் காரணியால் வகுக்கும் முன் சுமார் 89 மெகாபாஸ்கல் வலிமை கிடைக்கும்.

இதெல்லாம் ஸ்டிஃப்னர் வளையாமல் நின்றால்தான். பலர் விட்டுவிடும் சோதனை இது, எனக்கு இதுதான் முக்கியம். 1200-க்கு 1200 பேனலில் ஸ்டிஃப்னரின் நிலைமத் திருப்புத்திறன் (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டு அளவு) குறைந்தது 1.5 × ஆழம்³ × தடிமன்³ ÷ இடைவெளி² இருக்க வேண்டும்: 9,21,600 மி.மீ.⁴. வெப்பின் இரு புறமும் 50 × 8 பட்டை வைத்தால் ஏறத்தாழ 8,40,000; அதோடு சேரும் வெப் பகுதியைக் கூட்டினாலும் போதாது. 60 × 8 வைத்தால் 13,98,000, தாராளம். உங்கள் 600 இடைவெளிக்குத் தேவை இதைப்போல நான்கு மடங்கு, அதனால் 60 பட்டை அங்கே செல்லாது.

மென்பொருளில் முதல் பக்லிங் வடிவத்தைத் திறந்து பாருங்கள். அலை ஸ்டிஃப்னர் கோட்டில் நின்றால் நல்லது. கோட்டைத் தாண்டி ஓடினால் பட்டை மெலிவு. உங்கள் மென்பொருள் 214-க்குக் கீழே காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஐகன் மதிப்பு, அதாவது மென்பொருளின் இந்தப் பக்லிங் கணக்கு, பக்லிங் தகைவை மட்டுமே தரும். இறுதி வலிமை வேண்டுமென்றால், பேனலின் சின்னப் பக்கத்தில் இருநூறில் ஒரு பங்கு, உங்களுக்கு 3 மி.மீ., தொடக்க வளைவு கொடுத்து, ஈல்டையும் சேர்த்து நேரியலற்ற பகுப்பாய்வு (நெளிவு பெருகப் பெருக விறைப்பு மாறுவதையும் பின்தொடரும் கணக்கு) ஓட்டுங்கள்.