ஊமத்தங்காய், பாங்கு (கஞ்சா இலையை அரைத்துக் கலக்கும் பானம்) மாதிரி 'இயற்கை' போதை அளவு மீறினால் ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? போலீஸ் வருமா?

நான் டாக்டர் இல்லை. அத்தை மகனைத் தூக்கிக்கொண்டு ஓடியவன், அவ்வளவுதான்.

வியாசர்பாடியில் மொட்டை மாடி. நண்பர்களோடு சேர்ந்து ஊமத்தை விதையைத் தின்றிருக்கிறான். செடியில் காய்ப்பதுதானே என்ற தைரியம். நான் போனபோது முகம் செக்கச்செவேல். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, ஆனால் பொட்டு வியர்வை இல்லை. டெய்லரிங் பழகிக்கொண்டிருந்த பையன். இல்லாத நூலை இல்லாத ஊசியில் கோக்கப் பார்க்கிறான். நுனியை நனைக்க நாக்கில் எச்சில் இல்லை, திரும்பத் திரும்ப நக்குகிறான்.

நண்பர்கள் "காய்ச்சல்ணா" என்றார்கள். பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியிலும் அதையே சொல்ல, காய்ச்சல் ஊசி போட்டதில் ஒரு மணி நேரம் போயிற்று. சீக்கிரம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால், விஷத்தை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும் கரித்தூளாவது கொடுத்திருப்பார்கள்.

அப்புறம் 108. அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்ட்டியில் டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்தார். விரிந்த கண்பாவை சுருங்கவே இல்லை. "என்னப்பா, ஊமத்தையா?" என்றார். அப்போதுதான் ஒருவன் பாக்கெட்டிலிருந்து முள்ளுக்காயை எடுத்தான்.

நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒயர், கையில் டிரிப்ஸ், மேலெல்லாம் ஈரத்துணி, வெறியை அடக்க லோராசிபாம் ஊசி. அடிவயிறு உப்பியிருந்தது, சிறுநீர் இறங்கவில்லை. டியூப் போட்டதும்தான் பாதி அமைதியானான். ஊமத்தையில் இருப்பது அட்ரோபின், ஸ்கோபலமின். வேடிக்கை என்னவென்றால், பக்கத்துப் படுக்கையில் பூச்சிமருந்து குடித்தவருக்கு அதே அட்ரோபினைத்தான் உயிர் காக்க ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பாங்கு என்றால் பெரும்பாலும் டிரிப்ஸ், படபடப்புக்கு மருந்து, நாடித்துடிப்பைக் கவனிப்பது. சௌகார்பேட்டை ஹோலிக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் வரைகூட ஒன்றும் தெரியாது. 'ஏறவே இல்லையே' என்று இன்னொரு டம்ளர் குடிப்பதில்தான் வினை.

மோர், எலுமிச்சை, உப்புத்தண்ணீர் எதுவும் வேண்டாம். நினைவு தடுமாறுகிறவனை வாந்தியெடுக்க வைத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். தின்றது மிச்சமிருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

போலீஸ்? ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தகவல் போகும் மருத்துவ-சட்டப்) பதிவு போட்டார்கள். எங்களிடம் பெயர், விலாசம் எழுதிக்கொண்டதோடு சரி. கஞ்சாவுக்குச் சட்டம் வேறு. அதற்காக டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இரண்டாம் நாள் தெளிந்துவிட்டான். கண்பாவை மட்டும் நான்கு நாள் சுருங்கவில்லை, போனில் எழுத்தே தெரியவில்லை. வாட்ஸாப்பை அத்தைதான் வாசித்துக் காட்டினார், அந்த நண்பர்கள் அனுப்பியது உட்பட.